மெடிக்கல் கடையில் இன்ஸ்பெக்டர் எதைப் பார்க்கிறார்?

2025 அக்டோபர் முதல் வாரத்தில் மகாராஷ்டிரத்தின் உணவு, மருந்து நிர்வாகம் ஓர் அவசர அறிவிப்பு விட்டது. கோல்ட்ரிஃப் என்ற சளி, இருமல் சிரப், பேட்ச் நம்பர் எஸ்ஆர்-13 யாரிடம் இருந்தாலும் விற்பதையும் குடிப்பதையும் உடனே நிறுத்துங்கள் என்றது அந்த அறிவிப்பு. மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் அதைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்திருந்தார்கள். பிறகு அந்த எண்ணிக்கை 20-ஐத் தாண்டியது. மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு அரசு ஆய்வகம் சோதித்தபோது 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது தெரிந்தது. அது தொழிற்சாலைகளில் பயன்படும் ஒரு நச்சுப் பொருள்.

மும்பை தாராவியின் 90 அடி சாலையில் மெடிக்கல் வைத்திருக்கும் ஒருவர் இந்த அறிவிப்பைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்த பேட்ச் என் கடைக்கு வந்ததா? வந்திருந்தால் எத்தனை பாட்டில் யாருக்குப் போனது? முதல் கேள்விக்கு ஹோல்சேல்காரர் கொடுத்த கொள்முதல் பில்லில் பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு அவரே போட்ட விற்பனை பில்லில் இருக்க வேண்டும். மருந்துக் கடை ஆய்வு என்பதில் பெரும்பகுதி, இந்த இரண்டு கேள்விகளுக்கும் கடையில் எந்த நாளும் பதில் தயாராக இருக்கிறதா என்று பார்ப்பதுதான்.

இன்ஸ்பெக்டர் வந்து மாத்திரையைக் கையில் எடுத்து, உருட்டிப் பார்த்து, "இது நல்லது, இது போலி" என்று சொல்லிவிடுவார் என்று பலர் நினைக்கிறோம். அப்படி யாராலும் சொல்ல முடியாது. மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்பது ஆய்வகத்தில்தான் தெரியும். கடையில் வைத்துப் பார்க்கக்கூடியது, அந்த மாத்திரை எந்த வழியாக வந்தது, எப்படி வைக்கப்பட்டிருக்கிறது, யார் கையால் போகிறது என்ற மூன்றையும்தான்.

யார் பொறுப்பு?

சட்டம் ஒன்றிய அரசுடையது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும், அதன்கீழ் 1945-இல் வந்த விதிகளும்தான் இன்றுவரை அடிப்படை. எத்தனையோ முறை திருத்தியிருக்கிறார்கள், ஆனால் எலும்புக்கூடு அதேதான். கடைக்கு லைசென்ஸ் கொடுப்பதும் சோதிப்பதும் மாநில அரசின் வேலை. மகாராஷ்டிரத்தில் அதைச் செய்யும் உணவு, மருந்து நிர்வாகத்தை எல்லாரும் எஃப்டிஏ என்றே சொல்கிறார்கள். தலைமை அலுவலகம் பாந்திரா-குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கிறது. ஹோட்டல் சமையலறைகளைச் சோதிப்பதும் இதே துறைதான், ஆனால் மருந்துப் பிரிவும் அதன் அதிகாரிகளும் தனி. கடைக்கு நேரில் வருபவர் டிரக் இன்ஸ்பெக்டர். லைசென்ஸ் கொடுப்பதும் பறிப்பதும் அவருக்கு மேலே இருக்கும் உதவி ஆணையர்.

சில்லறைக் கடைக்கு முக்கியமாக இரண்டு லைசென்ஸ்கள் உண்டு. சாதாரண மருந்துகளுக்கு ஃபார்ம் 20. தடுப்பூசி, இன்சுலின், ஊசி மருந்துகள் போன்றவற்றுக்கு ஃபார்ம் 21. மெடிக்கல் என்றால் அநேகமாக இரண்டும் சேர்ந்தேதான் இருக்கும். ஹோல்சேலுக்கு 20பி, 21பி. பிரின்சஸ் ஸ்ட்ரீட்டில் மூட்டை மூட்டையாக மருந்து இறங்கும் கடைகள் இந்த வகை. மலிவு விலை ஜன் ஔஷதி கடைக்கும் இதே ஃபார்ம் 20, 21 வேண்டும், சலுகை ஏதும் இல்லை.

சில்லறைக் கடை குறைந்தது 10 சதுர மீட்டர் இருக்க வேண்டும். அதாவது நூறு சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே. சில்லறையும் மொத்த விற்பனையும் ஒரே இடத்தில் என்றால் 15 சதுர மீட்டர். மற்ற ஊர்க்காரர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமே இல்லை. மாட்டுங்காவிலோ சயானிலோ கடை பிடிக்க அலைந்தவர்களைக் கேட்டால்தான் அந்த 10 சதுர மீட்டரின் விலை தெரியும். 2017 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸை ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கத் தேவையில்லை. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை கட்டணம் கட்டி வந்தால் அது தொடரும். லைசென்ஸைப் பொதுமக்கள் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது சாமி படத்துக்குப் பக்கத்தில் தேடிப் பாருங்கள், அங்கேதான் இருக்கும்.

வெள்ளைக் கோட்டுக்காரர்

இன்ஸ்பெக்டர் கடைக்குள் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "ஃபார்மசிஸ்ட் எங்கே?" என்பதுதான். டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற ஃபார்மசிஸ்டின் கையாலோ, அவர் நேரடிக் கண்காணிப்பிலோதான் நடக்க வேண்டும். ஃபார்மசி படித்தால் மட்டும் போதாது, மாநில ஃபார்மசி கவுன்சிலில் பெயர் பதிந்திருக்க வேண்டும். மகாராஷ்டிரக் கவுன்சிலின் அலுவலகம் முலுண்டில் இருக்கிறது. 2015-இல் வந்த ஃபார்மசி தொழில்முறை ஒழுங்குமுறைகளின்படி அவர் வெள்ளைக் கோட்டு போட்டு, பெயரும் பதிவு எண்ணும் உள்ள பேட்ஜ் குத்தியிருக்க வேண்டும்.

நடைமுறை வேறு. சான்றிதழை மட்டும் வாடகைக்குக் கொடுத்துவிட்டு, ஃபார்மசிஸ்ட் வேறு எங்கோ வேலை பார்ப்பது நாடு முழுக்க உள்ள பழைய நோய். சுவரில் ஒருவர் பெயர் தொங்கும், கவுன்டரில் நிற்பவர் வேறு ஆள். 2012 வாக்கில், மகேஷ் ஜகடே எஃப்டிஏ ஆணையராக இருந்தபோது, இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு மாநிலம் முழுக்கக் கடைகளைச் சோதித்தார்கள். ஃபார்மசிஸ்ட் இல்லாத கடைகளின் லைசென்ஸ்கள் ஆட்டம் கண்டன. மருந்துக் கடைக்காரர்கள் கடையடைப்பு வரை போனார்கள். தேவையான அளவு ஃபார்மசிஸ்டுகள் கிடைப்பதில்லை, சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்பது அவர்கள் வாதம். சின்னக் கடைக்காரரின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் 5 மில்லிகிராம் எழுதிய இடத்தில் 50 போனால் அதைத் தடுக்கக் கடையில் இருக்கும் ஒரே ஆள் ஃபார்மசிஸ்ட்தான், அதனால் என் ஓட்டு ஆணையருக்குத்தான்.

பில், ரெஜிஸ்டர், ஃபிரிட்ஜ்

விதிப்படி ஒரு இன்ஸ்பெக்டர் தன் எல்லையில் உள்ள ஒவ்வொரு விற்பனைக் கடையையும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். சொல்லிவிட்டு வர வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் பார்க்கும் முறையில் ஒரு தந்திரம் இருக்கிறது. அலமாரியில் இருந்து ஏதோ ஒரு மாத்திரை ஸ்ட்ரிப்பை எடுப்பார். அதன் பேட்ச் நம்பரைப் படித்து, "இதுக்குக் கொள்முதல் பில் காட்டுங்க" என்பார். பில்லில் 100 ஸ்ட்ரிப் வந்ததாக இருக்கும். இதுவரை விற்றது 60 என்று விற்பனை பில்கள் சொன்னால், கடையில் 40 இருக்க வேண்டும். 22 தான் இருந்தால் 18 ஸ்ட்ரிப் பில் இல்லாமல் போயிருக்கிறது. 55 இருந்தால் இன்னும் மோசம், 15 ஸ்ட்ரிப் எங்கிருந்தோ பில் இல்லாமல் உள்ளே வந்திருக்கிறது. போலி மருந்து கடைக்குள் நுழைவது பெரும்பாலும் அந்த இரண்டாவது வழியாகத்தான். விலை குறைவு, பில் கிடையாது, கையில் காசு.

அட்டவணை எச் என்று ஒன்று உண்டு. அதில் உள்ள மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சாதாரண ஆன்டிபயாடிக்குகள், பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் எல்லாம் இதில் வரும். சீட்டில் எழுதிய மருந்துக்குப் பதிலாக, "இதுவும் அதேதான், கம்பெனி வேற" என்று கடைக்காரர் தானாக மாற்றிக் கொடுக்கவும் கூடாது. மறுபடி கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதினாலொழிய ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து. கொடுத்ததும் சீட்டின் மேலேயே கடையின் பெயர், முகவரி, தேதி குறிக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் கடை அபூர்வம். மூன்று வருடத்துக்கு முந்தைய சீட்டை மடித்து மடித்து, எழுத்தே தெரியாத நிலையில் நீட்டி மருந்து வாங்குபவர்கள் நம் பக்கத்திலும் குறைவில்லை.

எச்1 என்ற அட்டவணை 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதில் 46 மருந்துகள். செஃபிக்ஸிம், லெவோஃப்ளாக்சசின் போன்ற வீரியமான ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், அல்பிரசோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள், கோடீன். இவற்றை விற்றால் டாக்டர் பெயரும் முகவரியும், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனி ரெஜிஸ்டரில் ஏற வேண்டும். அந்த ரெஜிஸ்டரை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் இதைப் புரட்டும்போது நாள் கணக்கைப் பார்ப்பார். மாதம் முழுக்க ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதியிருந்தால் அவருக்குத் தெரியாமலா போகும்? காசநோய் மருந்துக்கு இன்னொரு கடமையும் சேர்ந்திருக்கிறது. 2018-இல் வந்த ஒன்றிய அரசின் அறிவிக்கையின்படி அவற்றை வாங்கும் நோயாளிகளின் விவரத்தை மருந்துக் கடைகளும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் மும்பை மாதிரி நகரத்தில் அது வெறும் காகித வேலை இல்லை.

அடிமையாக்கிவிடக்கூடிய சில மருந்துகளுக்கான அட்டவணை எக்ஸ் இன்னும் கடுமையானது. தனி லைசென்ஸ், பூட்டிய அலமாரி, சீட்டின் பிரதியை இரண்டு வருடம் பத்திரப்படுத்துதல். அக்கம்பக்கத்து மெடிக்கல்கள் பெரும்பாலும் அந்தத் தொல்லையே வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள்.

அப்புறம் காலாவதி. தேதி முடிந்த மருந்து விற்பனைச் சரக்கோடு கலந்து இருக்கவே கூடாது. கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வைத்திருந்தால் தனிப் பெட்டியில் போட்டு, விற்பனைக்கு அல்ல என்று எழுதியிருக்க வேண்டும். டாக்டர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் சாம்பிள், ஈஎஸ்ஐக்கும் அரசு மருத்துவமனைக்கும் போன சரக்கு ஆகியவற்றை விற்பது மட்டுமல்ல, கடையில் வைத்திருப்பதே குற்றம்.

ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பார். இன்சுலின், தடுப்பூசி எல்லாம் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். உள்ளே தெர்மாமீட்டர் இருக்கிறதா, ஃபிரீசரை ஒட்டி இன்சுலினைத் திணித்திருக்கிறார்களா என்று பார்ப்பார். உறைந்த இன்சுலின் கெட்ட இன்சுலின், பிறகு உருகினாலும் பயன்படாது. மும்பையில் கரண்ட் அதிகம் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ராத்திரி ஷட்டரை இறக்கும்போது மெயின் ஸ்விட்சையும் சேர்த்து அணைத்துவிட்டுப் போனால், எந்த மின்வாரியத்தாலும் காப்பாற்ற முடியாது. ஃபிரிட்ஜுக்குள் கடைக்காரரின் மதியச் சாப்பாடு இருந்தால் அதுவும் குறிப்பில் ஏறலாம்.

பார்த்து முடித்ததும் குறைகளை எழுத, ஒவ்வொரு கடையிலும் ஃபார்ம் 35 என்ற ஆய்வுப் புத்தகம் இருக்கும். கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி, யார் எப்போது வந்தார், என்ன வைத்துவிட்டுப் போனார் என்பதெல்லாம் அதில் நிரந்தரமாகத் தங்கிவிடும். அடுத்த இன்ஸ்பெக்டர் முதலில் புரட்டுவது அதைத்தான். சின்னக் குறை என்றால் திருத்தச் சொல்வார். பெரிது என்றால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். அதற்குப் பிறகு லைசென்ஸைச் சில நாள் நிறுத்திவைக்கலாம், அல்லது ரத்தே செய்யலாம். கடைக்காரர் மூன்று மாதத்துக்குள் மாநில அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். ஏதாவது சரக்கின் மேல் சந்தேகம் வந்தால், 20 நாள் வரை அதைத் தொடக் கூடாது என்று உத்தரவு போடும் அதிகாரமும் இன்ஸ்பெக்டருக்கு உண்டு.

சாம்பிள் எடுக்கும் சடங்கு

மருந்தின் தரத்தைச் சோதிக்க அவர் சாம்பிள் எடுப்பார். இதைச் சட்டம் மிக நுணுக்கமாக வகுத்து வைத்திருக்கிறது. முதலில், இன்ஸ்பெக்டர் அந்த மருந்துக்கு நியாயமான விலை கொடுக்க வேண்டும். சும்மா எடுத்துக்கொண்டு போக முடியாது. சோதனைக்காக எடுக்கிறேன் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சாம்பிளை நான்கு பங்காக்கி சீல் வைப்பார், கடைக்காரரும் தன் முத்திரையைச் சேர்க்கலாம். ஒரு பங்கு கடைக்காரரிடமே இருக்கும். ஒன்று அரசு பகுப்பாய்வாளருக்கு. ஒன்று நீதிமன்றத்துக்கு. இன்னொன்று, அந்த மருந்தை யாரிடம் வாங்கினேன் என்று கடைக்காரர் சொல்கிறாரோ அவருக்கு. நாளைக்கு வழக்கு வந்தால், "நான் கொடுத்தது வேறு, நீங்கள் சோதித்தது வேறு" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இத்தனை ஏற்பாடு.

மகாராஷ்டிர எஃப்டிஏவுக்கு மும்பை, நாக்பூர், சத்ரபதி சம்பாஜிநகர் ஆகிய இடங்களில் ஆய்வகங்கள் உண்டு. அறிக்கை பாதகமாக வந்தால் 28 நாளுக்குள் அதை எதிர்க்கப் போவதாகத் தெரிவிக்கலாம். அப்போது நீதிமன்றத்தில் இருக்கும் பங்கு கொல்கத்தாவிலுள்ள மத்திய மருந்து ஆய்வகத்துக்குப் போகும்.

மருந்து தேறவில்லை என்றால் எல்லாமே போலி என்று அர்த்தமில்லை. தரக்குறைவு என்றால், உண்மையான கம்பெனி தயாரித்ததுதான், ஆனால் மருந்தின் அளவு குறைவு, அல்லது வயிற்றில் கரைய வேண்டிய வேகத்தில் கரையவில்லை என்பது போன்ற குறை. லேபிள் தவறாக இருப்பது வேறு வகைக் குற்றம். ஒரு கம்பெனியின் பெயரில் இன்னொருவர் தயாரித்து விற்பது போலி. அதனால் உயிர் போனால் குறைந்தது பத்து வருடம் முதல் ஆயுள் வரை தண்டனை. தேறாத மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துத் தர அமைப்பு மாதாமாதம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. செய்திகளில் "53 மருந்துகள் தரமற்றவை" என்கிற மாதிரித் தலைப்பைப் பார்த்தால், அது அந்தப் பெயர் கொண்ட எல்லா மாத்திரையையும் சொல்வதில்லை, குறிப்பிட்ட பேட்சுகளைத்தான் சொல்கிறது. வீட்டில் இருக்கும் மருந்தைக் குப்பையில் போடுவதற்கு முன் பேட்ச் நம்பரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தேறாத மருந்து விற்ற கடைக்காரர் கதி? லைசென்ஸ் உள்ள இடத்தில் முறையாக வாங்கினேன், வைக்க வேண்டிய முறையில் வைத்திருந்தேன், குறை இருப்பது எனக்குத் தெரிய வழியில்லை என்று அவர் நிரூபித்தால் சட்டம் அவரைக் காப்பாற்றும். நிரூபிக்கக் கையில் இருப்பது மறுபடி அதே கொள்முதல் பில்தான். நாணயமான கடைக்காரருக்கு இன்ஸ்பெக்டரை விட அந்த பில் கோப்புதான் பெரிய பாதுகாப்பு.

ஓட்டைகள்

மும்பைக்கு இந்த விஷயத்தில் ஒரு கசப்பான அனுபவம் உண்டு. 1986-இல் ஜே.ஜே. மருத்துவமனையில் கொடுக்கப்பட்ட கிளிசரினில் டைஎத்திலீன் கிளைகால் கலந்திருந்து 14 நோயாளிகள் இறந்தார்கள். ஆம், கோல்ட்ரிஃபில் இருந்த அதே நச்சு. நீதிபதி லெண்டின் தலைமையிலான ஆணையம் விசாரித்தபோது மருத்துவமனை, சப்ளையர் மட்டுமல்ல, சோதிக்க வேண்டிய எஃப்டிஏவே கூண்டில் நிற்க வேண்டி வந்தது. 39 வருடம் கழித்து மறுபடி குழந்தைகள். இரண்டிலும் தவறு தொடங்கியது சில்லறைக் கடையில் அல்ல, அதற்கு வெகு முன்னால். கவுன்டரில் எவ்வளவு சோதித்தாலும் தொழிற்சாலையில் விட்டதைப் பிடிக்க முடியாது. கடை ஆய்வால் முடிவது, நச்சு தெரியவந்த மறுநாளே அதைத் தேடி எடுத்து நிறுத்துவது.

ஆள் பற்றாக்குறை இன்னொன்று. 200 கடைக்கு ஒரு இன்ஸ்பெக்டர் வேண்டும் என்று, மருந்துக் கட்டுப்பாட்டை ஆராய ஒன்றிய அரசு அமைத்த மஷேல்கர் குழு 2003-இல் சொன்னது. பல மாநிலங்கள் அதை எட்டவில்லை. கடைகளோ பெருகிக்கொண்டே போகின்றன. சயான் மருத்துவமனைக்கு எதிரே ஒரு நடை நடந்தாலே தெரியும்.

மூன்றாவது ஓட்டை நம்மிடம் இருக்கிறது. "பில் வேணுமா?" என்று கடைக்காரர் கேட்கும்போது நாம் தலையாட்டி மறுத்துவிட்டு வருகிறோம். சின்னத் தொகைதானே, தெரிந்த அண்ணாச்சிதானே என்று. பில் போடாத அந்த ஸ்ட்ரிப்பை இன்ஸ்பெக்டரின் கணக்கால் பிடிக்க முடியாது. எஸ்ஆர்-13 மாதிரி ஒன்று வந்தால் கடைக்காரர் நினைத்தாலும் நம்மைத் தேடி எச்சரிக்க முடியாது. டாக்டர் சீட்டு கேட்கும் கடைக்காரரைக் கெடுபிடி ஆள் என்று சொல்லி, கேட்காதவரிடம் போவதும் இதே ரகம்தான்.

நாம் செய்யக்கூடியவை சட்டத்திலேயே இருக்கின்றன. எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது, நாலு மாத்திரை வெட்டிக் கொடுத்தாலும் அந்த விகிதத்துக்கு மேல் விலை போகக் கூடாது. அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் 2023 ஆகஸ்ட் முதல் கியூஆர் கோடு கட்டாயம். போனில் ஸ்கேன் செய்தால் கம்பெனி, பேட்ச், காலாவதி தெரியும், அட்டையில் அச்சானதோடு ஒத்துப்போக வேண்டும். மாத்திரை சாப்பிட்டு ஏதாவது ஒவ்வாமை வந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பக்கவிளைவைப் பதியலாம். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மருந்தின் மேல் சந்தேகம் இருந்தால், கட்டணம் செலுத்தி அரசு பகுப்பாய்வாளரிடம் நீங்களே சோதனைக்குக் கொடுக்க 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு இடம் தருகிறது. கையெழுத்திட்ட அறிக்கை கிடைக்கும்.

மகாராஷ்டிர எஃப்டிஏவுக்குப் புகார் சொல்ல 1800-222-365. கூப்பிடும் முன் கடையின் பெயர், பில், மருந்தின் பெயர், பேட்ச் நம்பர் நான்கையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். லூஸில் வாங்கும்போது பேட்ச் நம்பரும் தேதியும் அச்சான பக்கம் கடையிலேயே தங்கிவிடும், ஏனென்றால் மீதியை விற்க அவருக்கும் அது வேண்டும். அதனால் வெட்டுவதற்கு முன் முழு ஸ்ட்ரிப்பின் பின்பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும்.